வட்ட வாதத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? மீன் சந்தை முதல் லெமூரியா வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஆடி மாதத்தில் குமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழி வழியாகப் பஸ்ஸில் போகும்போது ஒரு பிள்ளை, "இங்க ஏம்ப்பா இவ்வளவு காத்து?" என்று கேட்கிறது. "இது காத்துக்குப் பேர்போன இடம் மக்கா. பாரு, எத்தனை காற்றாலை!" என்கிறார் அப்பா. பிள்ளை தலையாட்டிவிடும். ஆனால் அதற்குப் புதிதாக எதுவும் தெரியவில்லை. காற்று இருப்பதால்தான் அங்கே காற்றாலையை நட்டார்கள். அந்தக் காற்றாலையையே காற்றுக்குக் காரணமாகக் காட்டினால், கேள்வி புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்துவிடுகிறது.

இதே கேள்விக்கு இன்னொரு பதிலும் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை தடுக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் மலை இடைவெளி விடுகிறது. பரந்து வந்த காற்று அந்த இடுக்கில் நெருக்கப்பட்டு வேகமெடுக்கிறது. மலை எங்கே இருக்கிறது, இடைவெளி எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் காற்றைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கூட வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம். பருவம் ஓய்ந்தால் காற்றாலையின் சுழற்சி தளர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லவும் முடியும். தளரவும் செய்கிறது.

இரண்டு பதிலும் ஒரே நீளம்தான், ஒரே தொனிதான். ஒன்று நம்மை எங்கும் கொண்டுபோகவில்லை, மற்றது கொண்டுபோகிறது. இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கப் பழகுவது அவ்வளவு கடினமில்லை. பள்ளியில் இதைச் சொல்லித் தராமல் விடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஒரு முடிவை நிறுவ ஒரு காரணம் சொல்கிறோம். அந்த முடிவை ஏற்கெனவே நம்புகிறவருக்கு மட்டுமே அந்தக் காரணம் செல்லுபடியாகும் என்றால் அது வட்ட வாதம். அரிஸ்டாட்டில் இதை வாதப் பிழைகளில் ஒன்றாக எழுதிவைத்தார். நம் பக்கமும் இது புதிதல்ல. மணிமேகலையின் 29ஆம் காதை, சரியான ஏது (காரணம்) எது, போலி ஏது எது என்று வகை பிரித்துப் பேசுகிறது. காரணமே இன்னும் நிறுவப்படாமல் நிற்பதை அசித்தம் என்று அது ஒதுக்குகிறது. நியாயம் என்ற இந்தியத் தருக்க மரபினர் இன்னும் நுணுக்கமாகப் பிரித்தார்கள்: ஒரு கூற்று தன்னையே பற்றி நிற்பது ஆத்மாசிரயம், இரண்டு கூற்றுகள் ஒன்றையொன்று பற்றி நிற்பது அன்னியோன்னியாசிரயம், மூன்றோ அதற்கு மேலோ சேர்ந்து சுற்றி வருவது சக்கரகம். இந்த மூன்று உருவங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் எடுத்துக்காட்டுகள் எளிதாகப் பிடிபடும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். வாதம் வட்டமாக இருப்பதால் முடிவு பொய்யாகிவிடாது. ஆரல்வாய்மொழியில் காற்று நிஜமாகவே அதிகம்தான். வட்டத்தைக் கண்டுபிடித்தால் "இந்தக் காரணம் போதாது" என்று மட்டுமே சொல்லலாம். "ஆகவே நீ சொன்னது தப்பு" என்று அதற்கு மேல் தாவினால், அது நம் பக்கத்துப் பிழை.

படி 1: முடிவையும் காரணங்களையும் தனித்தனி வரியில் எழுதுங்கள்

பேச்சில் வட்டம் தெரியாது. வரிசையாக எழுதினால் தெரியும்.

"இது இன்னைக்குப் பிடிச்ச மீன். எப்படித் தெரியும்னா, விக்கிற அண்ணன் சொன்னாரு. அவரு பொய் சொல்ல மாட்டாரு. அவருகிட்ட எப்பவும் அன்னன்னைக்கு மீன்தான் இருக்கும்."

முடிவு: இது இன்றைய மீன். முதல் காரணம்: அவர் சொன்னார். இரண்டாவது: அவர் பொய் சொல்ல மாட்டார். மூன்றாவது: அவரிடம் எப்போதும் அன்றைய மீன்தான் இருக்கும். மூன்றாவது வரி எப்படித் தெரிந்தது? ஒவ்வொரு நாளும் அவர் சொன்னதை வைத்துத்தான் என்றால், சக்கரகம் மூடிவிட்டது. சாளையோ சூரையோ, செவுளைத் தூக்கிப் பாருங்கள், கண் தெளிந்திருக்கிறதா பாருங்கள், விரலால் அழுத்தினால் சதை எழும்புகிறதா பாருங்கள். அண்ணனை நம்பினாலும் நம்பாவிட்டாலும் செவுளின் நிறம் மாறப்போவதில்லை. முடிவை நம்பாதவரும் சரிபார்க்கக்கூடிய இப்படிப்பட்ட சான்றைத்தான் கடைசிவரை தேடப் போகிறோம்.

படி 2: "ஏன்?" என்பதையும் "எப்படித் தெரியும்?" என்பதையும் பிரித்துக் கேளுங்கள்

என்னைக் கேட்டால் எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம். இந்த இரண்டு கேள்விக்கும் ஒரே பதில் வருகிறதென்றால் அங்கே வட்டம் இருக்கிறது.

"பையன் ஏன் படிக்கவில்லை?" "சோம்பேறி." "சோம்பேறி என்று எப்படித் தெரியும்?" "அதான் படிக்கவே மாட்டேன் என்கிறானே."

படிக்காமல் இருப்பதற்குச் சோம்பேறித்தனம் காரணம். சோம்பேறித்தனத்துக்குப் படிக்காமல் இருப்பதே சான்று. ஒன்றையொன்று பற்றி நிற்கும் இந்த இரண்டு வரிகள் எத்தனை பிள்ளைகளின் தலையில் இறங்கியிருக்கின்றன! படிப்பைப் பெரிதாக மதிக்கிற நம் மாவட்டத்தில் இந்தச் சொல் வீட்டிலும் பள்ளியிலும் சர்வ சாதாரணமாக விழுகிறது. அது விழுந்ததும் தேடல் நின்றுவிடுகிறது. கரும்பலகை அவனுக்குத் தெரிகிறதா? எழுத்துகளைக் கோத்து வாசிப்பதில் சிக்கல் உண்டா? விடிவதற்கு முன்பே அப்பாவோடு ரப்பர் பால் வெட்டப் போய்விட்டு வந்து வகுப்பில் உட்காருகிறானா? இவை ஒவ்வொன்றையும் மதிப்பெண் பட்டியலைத் தொடாமலே சோதித்துவிடலாம். கண் பரிசோதனைக்கு அரை மணி நேரம் போதும். "சோம்பேறி" என்ற சொல்லுக்கு எந்தப் பரிசோதனையும் கிடையாது. அதனால்தான் அது எல்லாவற்றையும் விளக்குவது போலத் தோன்றுகிறது.

நல்ல பயிற்சி மையம் என்பதால் எல்லோரும் சேர்கிறார்கள், எல்லோரும் சேர்கிறார்கள் என்பதால் நல்ல மையம் என்று சொல்வதும் இதே உருவம்தான். எத்தனை பேர் சேர்ந்தார்கள், அதில் எத்தனை பேர் தேறினார்கள் என்று கேட்டுவிட்டால் போதும்.

படி 3: பெயர் சூட்டுவதை விளக்கமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்

அறிவியல் விளக்கங்களில் வட்டம் பெரும்பாலும் இந்த வேடத்தில்தான் வரும். தெரிந்த சொல்லுக்குப் பதில் தெரியாத சொல்லைப் போட்டால் புதிதாக ஏதோ சொன்ன மாதிரி ஒரு தோற்றம் கிடைக்கிறது. சோதிப்பது எளிது: பதிலில் இருக்கும் பெரிய சொல்லை எடுத்துவிட்டு, அதன் பொருளைப் போட்டு வாசித்துப் பாருங்கள்.

குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் ஷீட் அடிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாலில் ஆசிட் ஊற்றினால் உறைந்துவிடும். ஏன்? "ரப்பர் பாலுக்கு உறைதிறன் இருக்கிறது" என்றால், உறையும் திறன் இருப்பதால் உறைகிறது என்று சொன்னதாக மட்டுமே ஆகும்.

ரப்பர் பாலில் நுண்ணிய ரப்பர்த் துகள்கள் மிதக்கின்றன. அவற்றைச் சுற்றிப் புரதப் படலம் இருக்கிறது. அதன் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம். எல்லாத் துகள்களுக்கும் ஒரே வகை மின்னேற்றம் என்பதால் ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்கின்றன. ஃபார்மிக் ஆசிட் அந்த மின்னேற்றத்தைச் சமன்செய்கிறது. தள்ளும் விசை போனதும் துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. இப்படிச் சொன்னால் அதிலிருந்து இன்னொன்றும் வர வேண்டும்: ஆசிட்டுக்கு நேர் எதிரான காரத்தைச் சேர்த்தால் பால் உறையாமல் நிற்க வேண்டும். பாலைத் திரவமாகவே தூரத்துக்கு அனுப்புகிறவர்கள் அம்மோனியா சேர்ப்பது அதற்காகத்தான். "உறைதிறன்" என்ற சொல்லிலிருந்து அம்மோனியாவை யாரும் ஊகித்திருக்க முடியாது.

ஆகவே ஒரு விளக்கத்தைக் கேட்டதும், "இது உண்மையென்றால் வேறு எது நடக்க வேண்டும்?" என்று கேளுங்கள். விளக்க வந்த அந்த ஒரே சங்கதியைத் தவிர வேறெதுவும் அதிலிருந்து கிடைக்கவில்லையென்றால் சந்தேகப்படலாம்.

நம் ஊர் வாழை வகையான மட்டிப்பழமும் இதில் சேரும். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குப் பெருமைதான். "குறியீடு இருப்பதால் தனித்தன்மை உண்டு, தனித்தன்மை இருப்பதால் குறியீடு" என்பதோடு நிறுத்தாமல், நம் மண்ணும் மழையும் அந்தப் பழத்துக்கு என்ன செய்கின்றன என்று சொல்லத் தெரிந்தால் பெருமை இன்னும் உறுதியாக நிற்கும்.

படி 4: நீண்ட வட்டங்களுக்கு அம்புக்குறி போடுங்கள்

இரண்டு வரி வட்டத்தை யாரும் பிடித்துவிடுவார்கள். நூறு ஆண்டுகளில், பல புத்தகங்களில், பல வாய்களில் சுற்றி வந்த வட்டம் கண்ணுக்குப் படாது. தாளை எடுத்து ஒவ்வொரு கூற்றையும் ஒரு கட்டத்துக்குள் எழுதுங்கள். எது எதைத் தாங்குகிறதோ அதிலிருந்து அம்பு போடுங்கள். எல்லா அம்பும் உள்ளேயே சுற்றினால், எதுவும் தரையைத் தொடவில்லை என்று அர்த்தம்.

குமரிமுனையில் நின்று பேசும் எவருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு லெமூரியா. மடகாஸ்கரில் லெமூர் என்ற விலங்குகள் நிறைய உண்டு. அவற்றின் உறவுகள் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இருக்கின்றன. கடல் தாண்டி எப்படிப் பரவின? 1864இல் பிலிப் ஸ்க்ளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், இந்தியப் பெருங்கடலில் முன்பு ஒரு நிலப்பரப்பு இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று ஊகித்து அதற்கு லெமூரியா என்று பெயர் வைத்தார். அன்றைக்கு அது நியாயமான ஊகம். ஆனால் லெமூர்களைத் தவிர அதற்கு வேறு வலுவான ஆதாரம் கிடைக்காதவரை, லெமூர் பரவலுக்கு லெமூரியா காரணம், லெமூரியாவுக்கு லெமூர் பரவல் சான்று என்ற இடத்திலேயே அது நின்றது.

அப்புறம் நம் பக்கத்திலிருந்து இரண்டாவது கட்டம் சேர்ந்தது. குமரிக்கோடு என்ற மலையைக் கடல் கொண்டதாகச் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை சொல்கிறது. பல நூற்றாண்டு கழித்து உரை எழுதிய அடியார்க்குநல்லார், கடல்கொண்ட நிலத்தை 49 நாடுகள் என்று விரிக்கிறார். இதை வாசித்தவர்கள், "நம் இலக்கியம் சொல்வதைத்தான் மேல்நாட்டு அறிவியலும் லெமூரியா என்கிறது" என்றார்கள். இன்னொரு பக்கம், "லெமூரியா இருந்ததற்குத் தமிழ் இலக்கியமே சாட்சி" என்றும் சொன்னார்கள். அம்பு போட்டுப் பாருங்கள். இலக்கியத்தை லெமூரியா தாங்குகிறது, லெமூரியாவை இலக்கியம் தாங்குகிறது. இரண்டும் சேர்ந்து ஒரு பெருங்கண்டத்தைத் தாங்குவதாகத் தோன்றுகிறது. கேட்க மனசுக்கு இதமாக இருப்பதால் யாரும் தாளை எடுப்பதில்லை.

வெளியிலிருந்து வந்த சான்று என்ன சொல்கிறது? பூமியின் மேலோடு நகரும் தட்டுகளால் ஆனது என்ற நிலத்தட்டுக் கொள்கை 1960களில் உறுதிப்பட்டது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்து சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை. கண்டங்கள் லேசான பாறையால் ஆனவை. கடலடித் தரை அதைவிட அடர்த்தியான பசால்ட் பாறை. ஆகவே ஒரு கண்டம் அதற்குள் எளிதில் மூழ்கிப்போகாது. பெருங்கண்டம் ஒன்று மூழ்கிக் கிடப்பதைக் கடலடி ஆய்வுகள் காட்டவில்லை. இந்தச் சான்றுகள் லெமூரையும் சார்ந்தவை அல்ல, சிலப்பதிகாரத்தையும் சார்ந்தவை அல்ல.

அதே சமயம், கடல் கொண்ட நிலம் என்பதே பொய் என்று முடித்துவிடவும் கூடாது. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. குமரிக்குத் தெற்கே நம் மீனவர்கள் போகும் வெட்ஜ் பேங்க் பகுதியில் ஆழம் குறைந்த இடங்கள் அன்றைக்கு நிலமாக இருந்திருக்கும். அது ஒரு கரையோர நிலம், கண்டம் அல்ல. பாடல் குறிப்பது அதைத்தானா, பிற்கால ஆழிப்பேரலை ஒன்றையா, வெறும் மரபுக் கதையையா என்பது தனியாக நிறுவ வேண்டிய சங்கதி. தமிழின் பழமைக்குக் கல்வெட்டும் அகழாய்வும் கொடுக்கும் சான்றுகளே ஏராளமாக இருக்கும்போது, ஒன்றையொன்று பற்றித் தொங்கும் இரண்டு ஊகங்களின் மேல் அதை ஏன் ஏற்ற வேண்டும்?

படி 5: வாய்களை எண்ணாதீர்கள், வேர்களை எண்ணுங்கள்

பத்துப் பேர் ஒன்றைச் சொன்னால் பத்துச் சான்று ஆகிவிடாது. பத்துப் பேருக்கும் ஒரே வாட்ஸ்அப் செய்தி வந்திருந்தால் சான்று ஒன்றுதான். ஒவ்வொரு காரணத்தையும் பின்னால் தடம்பிடித்து, அது எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள்.

இதை நாம் கட்டாயம் செய்ய வேண்டிய இடம் நம் கடற்கரை ஊரான மணவாளக்குறிச்சியின் மணல். ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர் 1909இல் அங்கே மோனசைட் என்ற கனிமத்தை அடையாளம் கண்டார். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. அது கதிர்வீச்சை வெளியிடுகிறது. இந்தக் கதிர்வீச்சையும் மணல் அள்ளுவதையும் சுற்றி நடக்கும் பேச்சில் இரு தரப்பும் வட்டத்துக்குள் விழுவதைப் பார்க்கலாம்.

ஒரு தரப்பு: "அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது, ஆகவே ஆபத்தில்லை." அந்த அளவை ஏன் அனுமதித்தார்கள்? "ஆபத்தில்லாத அளவு என்பதால்." இப்படிச் சொல்லி முடிப்பது நியாயமில்லை. அந்த வரம்புக்கு வெளியே ஒரு வேர் உண்டு. ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் பிழைத்தவர்களை 1950 முதல் தொடர்ந்து கவனித்து, எவ்வளவு கதிர்வீச்சுக்கு எவ்வளவு கூடுதல் புற்றுநோய் என்று கணக்கிட்டார்கள். அதைக் குறைந்த அளவுகளுக்கும் நீட்டிப் பார்த்து, இயற்கையாக வருவது போகப் பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவெர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்று சர்வதேச வரம்பு வந்தது. வரம்பு என்பது ஏற்கத்தக்க சிறிய ஆபத்து என்ற முடிவுதான். பூஜ்ய ஆபத்து என்ற உத்தரவாதம் இல்லை. இதைத் திறந்து சொன்னால் மக்களும் கேள்வி கேட்க முடியும்.

மறு தரப்பு: "ஊரில் புற்றுநோய் வருவதற்கு மணல்தான் காரணம்." வேறு காரணம் இல்லை என்று எப்படித் தெரியும்? "இங்கேதான் அந்த மணல் இருக்கிறதே." நோயில் அடிபட்ட குடும்பத்தின் வேதனை உண்மை, அந்த வேதனைக்கு உறுதியான விடை கிடைக்க வேண்டும் என்பதற்காகவே இங்கே கறாராக இருக்க வேண்டும். வயது வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்த பிறகும் மற்ற ஊர்களைவிட அதிகமா? அதிகக் கதிர்வீச்சுள்ள தெருவில் அதிகமா, குறைந்த தெருவில் குறைவா? புகை, வெற்றிலை–புகையிலை பழக்கம் கணக்கில் வந்ததா?

இதே வகை மணலுள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். இயற்கைக் காமா கதிர்வீச்சு கூடக் கூடப் புற்றுநோய் கூடியதாக அவர்கள் காணவில்லை. இது தனி வேருள்ள சான்று. ஆனால் அது எவ்வளவு தூரம் போகும் என்பதையும் பார்க்க வேண்டும். அவர்கள் அளந்தது இயற்கையில் ஏற்கெனவே இருக்கும் கதிர்வீச்சை. மணல் அள்ளும்போது எழும் தூசி, கரை அரிப்பு, நம் ஊரின் நிலை ஆகிய கேள்விகளுக்கு அதைப் பதிலாகக் காட்டக் கூடாது. அவற்றுக்குத் தனி அளவீடு வேண்டும். அதைக் கேட்கும் உரிமை கடற்கரை மக்களுக்கு உண்டு.

படி 6: வட்டம் போலத் தெரிந்து வட்டமாக இல்லாதவற்றை விட்டுவிடுங்கள்

இதுவரை வந்த கருவிகளைக் கையில் வைத்துக்கொண்டு கண்ட இடத்திலெல்லாம் வட்டம் பார்க்கத் தொடங்குவது ஒரு அபாயம். அறிவியல்மீது வைக்கப்படும் இரண்டு குற்றச்சாட்டுகளை எடுத்துக்கொள்வோம்.

"பாறையின் வயதைப் புதைபடிவத்தை வைத்துச் சொல்கிறார்கள், புதைபடிவத்தின் வயதைப் பாறையை வைத்துச் சொல்கிறார்கள்." கேட்டவுடன் அன்னியோன்னியாசிரயம் போலத்தான் இருக்கிறது. ஆனால் எந்த அடுக்கு பழையது என்பதை, கீழே கிடப்பது முந்தியது என்ற எளிய விதியே சொல்லிவிடும். நிலவியலாளர் வில்லியம் ஸ்மித் 1815இல் இங்கிலாந்தின் நிலவியல் வரைபடத்தை வெளியிட்டபோது பாறைகளின் வயது எத்தனை ஆண்டு என்று யாருக்கும் தெரியாது. அடுக்கு வரிசை மட்டும் தெரியும். ஆண்டுக்கணக்கு கதிரியக்கத்திலிருந்து வந்தது, 1907 முதல். யுரேனியமும் தோரியமும் ஈயமாகச் சிதையும் வேகம் ஆய்வகத்தில் அளந்தது. அதற்குப் புதைபடிவம் தேவையில்லை. நம் மணவாளக்குறிச்சி மணலிலுள்ள அதே மோனசைட் இந்தக் கணக்குக்கு உதவும் கனிமங்களில் ஒன்று.

இரண்டாவது: "தகுதியுள்ளது பிழைக்கும் என்கிறார்கள். தகுதி எது? பிழைத்தது." தத்துவவாதி ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1864இல் உருவாக்கிய இந்தத் தொடரை டார்வின் 1869இல் தன் நூலின் ஐந்தாம் பதிப்பில் எடுத்துக்கொண்டார், குழப்பம் அந்தத் தொடரின் சுருக்கத்தில் இருக்கிறது. அறிவியல் தத்துவவாதி கார்ல் பாப்பர்கூட ஒரு காலத்தில் இயற்கைத் தேர்வைச் சோதிக்கத்தக்க கொள்கையாக ஏற்கவில்லை. 1978இல் வெளியான உரையில் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். கலாபகஸ் தீவுக்கூட்டத்தின் டாஃப்னே மேஜர் தீவில் உயிரியலாளர்கள் பீட்டர் கிராண்டும் ரோஸ்மேரி கிராண்டும் குருவிகளின் அலகை ஒவ்வொன்றாக அளந்து வைத்திருந்தார்கள். 1977இல் பெரும் வறட்சி வந்தது. சிறு விதைகள் தீர்ந்து, கெட்டியான பெரிய விதைகளே மிஞ்சின. பெரிய அலகுள்ளவை அதிகம் பிழைத்தன. அலகின் அளவு, எது பிழைத்தது என்று தெரிவதற்கு முன்பே குறிப்பேட்டில் இருந்தது. அங்கே வட்டம் இல்லை.

படி 7: நிகழ்வுச் சுழற்சியை வாதச் சுழற்சியோடு குழப்பாதீர்கள்

நம் கடற்கரையில் தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) கட்டினால் கரையோரமாக நகரும் மணல் ஒரு பக்கம் தேங்குகிறது, மறுபக்கத்து ஊருக்கு மணல் போய்ச் சேராமல் அரிப்பு கூடுகிறது. அந்த ஊரும் தூண்டில் வளைவு கேட்கிறது. அதைக் கட்டினால் அடுத்த ஊரில் அரிப்பு. அரிப்பால் வளைவு, வளைவால் அரிப்பு. இதை ஒருவர் சொன்னால் "வட்ட வாதம்" என்று மறிக்காதீர்கள். ஒவ்வொரு சுற்றும் வேறு ஊரில், வேறு ஆண்டில் நடக்கிறது. ஒவ்வொன்றையும் தனியாக அளக்கலாம். உலகத்தில் காரணமும் விளைவும் சுழலலாம். சான்றும் முடிவும்தான் சுழலக் கூடாது.

படி 8: எதிரே இருப்பவரிடம் கேட்கும் விதம்

"மாமா, நீங்க சொல்றது வட்ட வாதம்" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். பெரியவர் வாயை அடைப்பது நம் நோக்கமும் அல்ல. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "மாமா, நீங்க சொல்றது சரியா இருக்கலாம். இதை நம்பாத ஒருத்தருக்கு எதைக் காட்டிப் புரியவைக்கலாம்?" இதில் மரியாதை குறையவில்லை, வெளியே நிற்கும் சான்றைத் தேடும் வேலையை இருவரும் சேர்ந்து செய்வதாகிறது. நம்முடைய சொந்தக் கருத்தை எழுதும்போதும் இதே கேள்விதான். முடிவு இருக்கும் வரியைக் கையால் மறைத்துக்கொண்டு, மிச்சத்தை மாற்றுக் கருத்துள்ள ஒருவர் ஒப்புக்கொள்வாரா என்று வாசித்துப் பாருங்கள்.

பிள்ளைகளிடம் இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். அவர்கள் "எப்படித் தெரியும்?" என்று இரண்டாம் முறை கேட்கும்போது அதட்டாதீர்கள். பதில் தெரியாவிட்டால் "தெரியல மக்கா, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு வரைபடத்தை எடுங்கள்.

மாமா வெளியிலிருந்து ஒரு சான்றைக் கொண்டுவந்துவிட்டால் வட்டம் அந்த இடத்தில் உடைந்துவிட்டது. அதன்பிறகு அந்தச் சான்று சரியா, போதுமா என்பதைப் பற்றி மட்டும் பேசுங்கள். உடைந்த வட்டத்தைத் திரும்ப இழுத்துவந்து அவரைக் குத்திக்காட்ட வேண்டாம்.